பதினொன்றாம் கேள்வி

"உங்களுக்கோ உங்கள் துணைக்கோ
உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ
வேறு வீடு உண்டா?"

பத்துவரை மளமளவென்று வந்துவிட்டேன்.
பெயர் ஹெஸ்டர் டிரான்டர். வயது ஐம்பத்து மூன்று.
வேலை ஹல் நகரத்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், இரவு ஷிஃப்ட்.
சேமிப்பு, எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டேன்.
பதினொன்றில் பேனா நின்றது.

உண்டு.
என் கணவர் டெஸ்மண்டுக்கு
வடகடல் ஓரம் ஒரு வீடு உண்டு.
முப்பத்திரண்டு வருஷம் முன்பு வாங்கியபோது
கொல்லைக் கதவுக்கும் களிமண் மேட்டின் விளிம்புக்கும் நடுவே
ஒரு வண்டிப்பாதை, ஒரு துண்டு உருளைக்கிழங்கு வயல்,
மேய்ந்துகொண்டு நாலைந்து மாடுகள்.
இப்போது பதினான்கு அடி.

பாதை போனது நான் அவரைப் பார்ப்பதற்கு முன்பே.
வயல் எந்தக் குளிர்காலத்தில் போனதென்று அவருக்கே நினைவில்லை.
மாடுகள் நல்லவேளை
வேறு யாருடையவோ.

வீட்டுச் சங்க அலுவலகத்தில் பிரையனி என்று ஒரு பெண்.
நகத்தில் பச்சைச் சாயம். நல்ல பெண்தான்.
"கல்யாணம் ஆனவர்கள் சேர்ந்துதான் விண்ணப்பிக்கணும்.
அந்த வீட்டை விற்றுவிட்டு
பத்திரத்தோடு வாங்க."
யாருக்கு, என்றேன்.
திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

நாங்கள் முழு வீடா கேட்டோம்?
நூற்றில் நாற்பது பங்கு.
மீதி அறுபதுக்கு வாடகை.
இரண்டாம் மாடி, இரண்டு அறை,
குளியலறையில் நேரான தரை.
நாற்பதில் எது நமக்கு என்று டெஸ்மண்ட் பிரித்து வைத்திருந்தார்:
"அடுப்பு நம்முடையது, ஜன்னல் அவர்களுடையது.
சாரல் அடித்தால் அவர்கள் நனையட்டும்."

வங்கிக்கு அந்தக் கடலோர வீடு பூஜ்யம்.
இன்ஷூரன்ஸ்காரன் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே போனை வைத்தான்.
பதிவேட்டில் மட்டும் அது சொத்து.
விண்ணப்பத்தில் மட்டும் நாங்கள் பணக்காரர்கள்.

தங்கை வெர்னா யோசனை சொன்னாள்:
"காகிதத்தில் மட்டும் பிரிந்துவிடேன்."
காகிதத்தில்தானடி சேர்ந்தோம்,
நாற்பத்தொன்பது வயதில்,
சாட்சிக்குப் பஸ் டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு.
அதற்கு அப்பால் பிரிக்க என்ன இருக்கிறது,
ஒரே போர்வை.

ஞாயிறுதோறும் அளவு நாடாவோடு பஸ் ஏறுவார்.
இருட்டியதும் திரும்பி வந்து
காலண்டரில் ஒரு எண் எழுதுவார்.
ஷூவில் ஒட்டிய களிமண்ணை
வாசலில் தட்டமாட்டார், காகிதத்தில் சுரண்டி எடுப்பார்.
போன வாரம் பதினான்கு.
இந்த வாரமும் பதினான்கு.
"அப்பாடா" என்றேன்.
சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏனென்றால் புதன் இரவு காற்று
சலவைக்கூடத்துக் கதவை உலுக்கியபோது
ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டே
கடலிடம் கேட்டிருந்தேன்:
எடுப்பதென்றால் எடு.
ஏன் இப்படி வட்டி மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாக.

இதை அவரிடம் சொல்லவில்லை.
தெரியும் என்று நினைக்கிறேன்.

பத்திரத்தின் வரைபடத்தை மேஜையில் விரித்தார்.
சிவப்புக் கோட்டுக்குள் பாதிக்குமேல்
ஏற்கனவே தண்ணீர்.
"விழுந்தாலும் நிலம் என் பெயரில்தான் நிற்கும்போல.
மீன்கள்தான் வாடகைக்கு."
சிரித்தார். இருமல் வந்தது.

பேனாவை என் கையிலிருந்து வாங்கி
பதினொன்றில் "ஆம்" என்று குறியிட்டார்.
அடுத்தது பன்னிரண்டு:
அந்தச் சொத்துக்குக் கூட்டு உரிமையாளர் உண்டா?
பெயர், பங்கு.

வடகடல், என்று எழுதினார்,
பள்ளிக்கூடப் பையன் மாதிரி உருட்டி உருட்டி.
பங்கு:
வாரத்துக்கு வாரம் மாறும்.

பிரையனி திருப்பி அனுப்புவாள், தெரியும்.
அதை அடிக்கவில்லை நான்.
கீழே, துணைவர் என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.